என் காது மிஷினுக்கு

காது மிஷினே, உன்னை என்னிடம் சேர்த்தது ஒரு 'காசு'தான். "ஏங்க, காசு எங்க?" என்று மனைவி கேட்டாள். நான் காதைத் தொட்டுக் காட்டினேன். முதலில் சிரித்தவள், நான் விளையாடவில்லை என்று தெரிந்ததும் நிறுத்திவிட்டாள்.

காது மிஷினே, அதுவரை ஊரே முணுமுணுக்கிறது என்றுதான் எரிச்சலில் இருந்தேன். காதுச் சோதனையில் வரைந்த ஆடியோகிராம் என் பக்கம்தான் குறை என்றது. கோடு இடப்பக்கம் ஒழுங்காக வந்து, கீச்சொலிகள் இருக்கும் வலப்பக்கத்தில் சறுக்கி விழுந்திருந்தது. ஆ, ஓ என்னும் கனத்த உயிரோசைகள் எனக்கு வந்து சேரும். காசைக் காதிலிருந்து பிரித்துக் காட்டும் மெல்லிய 'ச' வழியிலேயே தொலைந்துவிடும். பக்கத்தில் நின்று கத்தினாலும் உயிரோசைதான் பெருகும். நீ கத்தவில்லை. மைக்கில் பிடித்ததை எண்களாக்கி, எந்தச் சுருதியில் எனக்கு எவ்வளவு குறைகிறதோ அங்கே மட்டும் கூட்டித் தருகிறாய். மெல்லிய பேச்சை நிறையத் தூக்குகிறாய், குக்கர் விசிலை அடக்கி வைக்கிறாய்.

மிஷினே, முதல் வாரம் உன்னைத் திட்டியதை மறந்துவிடு. நாளிதழைப் புரட்டினால் அப்பளம் நொறுங்கியது; என் குரலே குடத்துக்குள்ளிருந்து வந்தது. பழக வேண்டியிருந்தது என் மூளை. கல்யாண மண்டபத்தில் இன்றும் நீ திணறுகிறாய். எதிரே இருப்பவர் பேச்சைப் பிடிக்க உன் இரண்டு மைக்கும் படும் பாடு எனக்குத் தெரியும். உள்காதில் அழிந்துபோன மயிரணுக்கள் திரும்ப முளைக்காது. மிச்சமிருப்பவற்றுக்கு நீ வேலை கொடுத்தாய்.

மிஷினே, உன் முன்னோருக்கும் கடன்பட்டிருக்கிறேன். 1947-ல் பெல் ஆய்வகத்தில் டிரான்சிஸ்டர் பிறந்தது. காது கருவி செய்பவர்களிடம் மட்டும் அதற்கு உரிமைத்தொகை வாங்கவில்லை. வால்வும் கனத்த பேட்டரியுமாகச் சுமந்தவர்களின் பாரம் அதன் பிறகுதான் இறங்கியது.

மிஷினே, இன்று காலை உனக்குப் புது பேட்டரி. பழுப்பு ஸ்டிக்கரை உரித்து, காற்றுப் பட ஒரு நிமிடம் வைத்துத்தான் போட்டேன். உள்ளே இருக்கும் துத்தநாகத்துக்கு ஆக்சிஜன் வேண்டுமே. பள்ளிக்குக் கிளம்பிய பேத்தி கழுத்தைக் கட்டிக்கொண்டாள். வெளியே கசிந்த ஒலி உன் மைக்குக்கே திரும்பி, நீ கீச்சென்று கூவினாய்.

"தாத்தா, உன் காது விசிலடிக்குது!" என்றாள். காதோரம், மெதுவாகத்தான் சொன்னாள்.