காண்ட்ராக்ட் கைமாறிய வாரம்

மேலாண்மை படிக்கும் தம்பி தங்கைகள் 'மாற்ற மேலாண்மை' என்று ஒரு தாள் எழுதுகிறீர்கள். கர்ட் லெவினும் ஜான் காட்டரும் அதில் வருவார்கள். காட்டரின் எட்டுப் படிகளை மனப்பாடம் செய்து தேர்வெழுதியவன்தான் நானும். ஊழியர்கள் மாற்றத்தைக் கண்டு தயங்குவார்கள், பேசிப் புரியவைக்க வேண்டும் என்று அங்கே சொல்லிக்கொடுத்தார்கள். தயக்கத்துக்கு நியாயமான காரணம் இருக்கலாம் என்று என் வகுப்பில் யாரும் பேசிக் கேட்டதில்லை. அந்தப் பாடத்தை அம்மாவிடமும் அவரோடு வேலை பார்க்கும் அக்காக்களிடமும்தான் படித்தேன்.

வீடு ராசிபுரத்தில். அம்மா இந்தச் சுற்றுவட்டார நகராட்சி ஒன்றில் தூய்மைப் பணியாளர். எந்த ஊர் என்பது வேண்டாம், பல ஊர்களில் இதே கதைதான். பாட்டி இதே வேலையை நிரந்தரப் பணியாளராகப் பார்த்து, பென்ஷனோடு வீட்டுக்கு வந்தவர். அம்மா காண்ட்ராக்ட்காரரின் ஆள். தெருவும் குப்பையும் கூட்டுகிற சாதியும் அப்படியே இருக்க, முதலாளி மட்டும் மாறிவிட்டார். 2020இல் 'துப்புரவு' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'தூய்மைப் பணியாளர்' என்று அரசு பெயர் மாற்றியது. 2022 அக்டோபரில் வந்த அரசாணை 152 மாநகராட்சிகளில் நிரந்தரப் பணியிடங்களைச் சுருக்கி வெளிமுகமைக்கு வழி திறந்தது. நகராட்சிகளும் அதே பாதையில்தான் போகின்றன. பெயருக்கு மரியாதை கொடுத்த கையோடு வேலையைப் பிடுங்குவதை எந்தப் படியில் சேர்ப்பது என்று காட்டரைத்தான் கேட்க வேண்டும்.

காண்ட்ராக்ட் கைமாறிய வாரம் புதுக் கம்பெனி சூப்பர்வைசர் ஒரு கட்டுத் தாளோடு வந்தார். கையெழுத்துப் போட்டால்தான் வண்டி தருவோம் என்றார். வாசிக்கத் தெரிந்த அக்கா ஒருவர் தாளை வாங்கிப் பார்த்தார். நடுவில் ஒரு வரி: 'சொந்த விருப்பத்தின் பேரில் பழைய பணியிலிருந்து விலகுகிறேன்.'

அம்மா கேட்டாராம்: "ஏனுங்க சார், நாங்க எப்பங்க வெலகுனோம்? நேத்து வரைக்கும் இதே வார்டத்தானுங்க கூட்டுனோம்?"

அந்த ஒரு வரிக்குப் பின்னால் பெரிய கணக்கு இருக்கிறது. பணிக்கொடைக்கு 5 வருடத் தொடர் பணி வேண்டும் என்பது 1972ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்த விதி. காண்ட்ராக்ட் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாறினால் 15 வருடம் கூட்டினாலும் 5 வருடம் சேராது. பி.எஃப்.பிலும் இதே வம்புதான். ஒவ்வொரு கம்பெனியும் ஆளுக்கொரு புது எண் போட, பழைய பணம் எங்கோ தேங்கிக் கிடக்கும். அதோடு கைரேகை மெஷின் வேறு வந்தது. பிளீச்சிங் பவுடரிலும் விளக்குமாற்றிலும் தேய்ந்த விரலில் மெஷினுக்கு ரேகை தெரியவில்லை. தெரியாவிட்டால் ஆப்சென்ட்.

அன்று சாயங்காலம் எங்கள் வீட்டுத் திண்ணையில் பதினாலு பேர் கூடினோம். எனக்குத் தெரிந்த சட்டத்தைச் சொன்னேன். பணி நிபந்தனையைத் தொழிலாளிக்குப் பாதகமாக மாற்றுவதென்றால் 21 நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும் என்பது 1947 தொழில் தகராறு சட்டத்தின் 9ஏ பிரிவு. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டத்திலும் 40ஆவது பிரிவாக அது இருக்கிறது. காண்ட்ராக்ட்காரர் கூலி தராவிட்டால் முதன்மை வேலையளிப்பவரே தர வேண்டும் என்பது 1970ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்தே உண்டு. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரு பெரியம்மா சொன்னார்: "சட்டம் இருக்கட்டும் கண்ணு. நாங்க இத்தன வருசம் வேல பாத்தோம்னு காட்ட என்ன இருக்குது, அதச் சொல்லு."

அதுதான் சரியான கேள்வி. பழைய அடையாள அட்டை, ஈ.எஸ்.ஐ. அட்டை, பேங்க் பாஸ்புக்கில் சம்பளம் ஏறிய பக்கம், மஸ்டரை போனில் எடுத்த படம் என ஒவ்வொருவரும் வீட்டிலிருந்து கொண்டுவந்தார்கள். பாஸ்புக்தான் மிகவும் உதவியது, காண்ட்ராக்ட்காரர் பெயர் அதில் தேதியோடு ஏறியிருந்தது. அதை வைத்து எல்லோரும் ஒரே மனுவில் கையெழுத்திட்டு, நகராட்சியில் கொடுத்து, நகலில் சீல் வாங்கினோம். தனித்தனியாகப் போயிருந்தால் தனித்தனியாகத்தான் மிரட்டியிருப்பார்கள்.

சென்னையை நினைத்துக்கொண்டுதான் எல்லோரும் இருந்தோம். 2025 ஆகஸ்ட் 1 முதல் ரிப்பன் மாளிகை முன்பு ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலத் தூய்மைப் பணியாளர்கள் உட்கார்ந்தார்கள். ஏறக்குறைய 23,000 ரூபாய் வாங்கியவர்களுக்குத் தனியாரிடம் 17,000கூட வராது என்ற நிலை. 13ஆம் தேதி நள்ளிரவில் போலீஸ் அவர்களை அகற்றியது. மறுநாள் காலை உணவு உட்பட நலத்திட்டங்களை அரசு அறிவித்தது. அவர்கள் கேட்டது வேலை. தனியார்மயத் தீர்மானத்தை ரத்து செய்ய உயர்நீதிமன்றம் மறுத்தது. ஆனால் கடைசியாக வாங்கிய கூலி குறையாமல் பார்க்கச் சொன்னது. உட்காராமல் இருந்திருந்தால் அந்த வரிகூட வந்திருக்காது என்பது என் எண்ணம்.

இங்கே பத்தாவது நாள் புதுத் தாள் வந்தது, விலகல் வரி இல்லாமல். ரேகை விழாதவர்களுக்குக் கையெழுத்து நோட்டு வைத்தார்கள். ஆனால் வயதைக் காரணம் காட்டி நிறுத்திய இரண்டு பெரியம்மாக்களை இன்னும் எடுக்கவில்லை. அவர்கள் மனு தொழிலாளர் அலுவலகத்தில் இருக்கிறது. அடுத்த வாய்தாவுக்கு அம்மா லீவு போட்டு உடன் போகிறார். பாஸ்புக் ஜெராக்ஸ் எடுக்கும் வேலை என்னுடையது.