தந்தைக்கு இல்லாத விடுமுறை

விழா மலருக்குக் கட்டுரையொன்று தருகவெனக் கல்லூரி அன்பர்கள் கேட்டபோது, இலக்கியப் பொருளொன்றையே எழுதக் கருதினோம். எனினும், எம் வகுப்பறையில் நிகழ்ந்த சிறு நிகழ்ச்சியொன்று மனத்தை விட்டகலாது நின்றது. பழைய மாணவருட் பலர் இன்று பிறருக்குச் சம்பளம் வழங்கும் நிலையில் இருத்தலின், அதனையே ஈண்டு எழுதத் துணிந்தோம்.

யாம் கொட்டாஞ்சேனையிலே தமிழ் கற்பிக்கின்றோம். சில ஆண்டுகளுக்கு முன், சாதாரண தரப் பரீட்சை அண்மித்திருந்த வேளை, நன்கு கற்கும் மாணவன் ஒருவன் தொடர்ந்து ஒன்பது நாள் வரவில்லை. பத்தாம் நாள் வந்தவனை வகுப்பின் முன் நிறுத்திக் கடிந்தோம். அவன் தலை குனிந்தவாறே, “அப்பாவுக்கு லீவு இல்லை, சேர். அதுதான் நான் வீட்டிலே நின்றேன்” என்றான்.

அன்று மாலை, ஜம்பட்டா வீதியை அடுத்த ஒழுங்கையிலுள்ள அவன் வீட்டுக்குச் சென்றோம். தாயார் சத்திரசிகிச்சை மூலம் மூன்றாம் குழந்தையைப் பெற்று வீடு திரும்பியிருந்தார்; எழுந்து நடத்தலும் அவருக்கு அரிதாயிருந்தது. கஞ்சி காய்ச்சியவனும், குழந்தையின் துணி துவைத்தவனும், தங்கையைப் பள்ளிக்கு அழைத்துச் சென்றவனும் எம் மாணவனே. தந்தையார் புறக்கோட்டைப் புடைவைக் கடையொன்றிற் சேர்ந்து ஆறு திங்களே ஆகியிருந்தன.

கடை, அலுவலக ஊழியர் பற்றிய 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி, நோய்க்கும் சொந்த அலுவலுக்குமாகச் சம்பளத்துடன் எடுக்கத்தக்க விடுமுறை ஆண்டுக்கு 7 நாள். முதலாண்டிலோ இரு திங்களுக்கு ஒரு நாள் வீதமே. ஆகவே அவருக்குக் கிடைத்தவை 3 நாள். அவை மருத்துவமனை வாயிலிலேயே கழிந்தன.

தாயரை நம் நாடு மறந்ததில்லை. மகப்பேற்று நன்மைச் சட்டம் 1939இலேயே பிறந்தது. மூன்றாம் குழந்தைக்கு 42 நாளாயிருந்த விடுமுறையும் 2018ஆம் ஆண்டுத் திருத்தத்தால் 84 நாளாயிற்று. தந்தையர் நிலையோ வேறு. அரச ஊழியராயின் மூன்று நாள் உண்டு. தனியார் துறையினர்க்குச் சட்டம் ஒரு நாளையேனும் விதிக்கவில்லை.

எம் அன்னையார் நோயுற்றுக் கிடந்தபோது, அரச ஆசிரியராகிய யாம் சம்பளம் குறையாது அவர் அருகிருந்தோம். அதனை எம் உரிமையென்றே கொண்டோம். அவ்வுரிமை அயல் வீட்டாருக்கு உண்டோவென ஒரு நாளும் எண்ணிப் பார்த்திலோம்.

கடை முதலாளியைக் குறை கூறுதல் எம் நோக்கமன்று. நால்வரைக் கொண்டு நடக்கும் கடையில் ஒருவர் நின்றால் வியாபாரம் தளரும். மகப்பேற்றுக் காலச் சம்பளம் முழுவதையும் வேலை கொடுப்போரே தாங்குவதால், இளம் பெண்களைச் சேர்க்கத் தயங்குவோரும் உளர். இதற்கு வழி இல்லாமலில்லை. இந்தியாவில் 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் தோன்றிய தொழிலாளர் ஈட்டுறுதித் திட்டத்தில், முதலாளியும் தொழிலாளரும் செலுத்தும் பொது நிதியிலிருந்து, நோயுற்றோர் ஆண்டில் 91 நாள் வரை கூலியில் நூற்றுக்கு 70 வீதம் பெறுகின்றனர். பலர் தோள் கொடுப்பின் சுமை இலேசாகும்.

அம்மாணவன் அம்முறை கணிதத்தில் தவறினான். மறுமுறை எழுதியே தேறினான். நோய்க்கும் பிறப்புக்கும் காத்திருக்கத் தெரியாது. யாரேனும் ஒருவர் தம் நாளைக் கொடுத்தே தீரவேண்டும். தந்தை கொடுக்க இயலாத நாள்களை மகன் கொடுத்தான். வரவுப் பதிவேட்டில் அவன் பெயருக்கு நேரே யாம் இட்ட ஒன்பது பூச்சியங்களும் உண்மையில் கடைப் பதிவேட்டுக்கு உரியவை.

மறுநாள் அதே வகுப்பின் முன் அவனிடம் எம் பிழையை ஒப்புக்கொண்டோம். கடையும் கந்தோரும் நடத்தும் கல்லூரிச் சகோதரர்களிடம் எம் வேண்டுகோள் ஒன்றே: சட்டம் குறிப்பது குறைந்த அளவு, அதற்கு மேற் கொடுப்பதை அது தடுக்கவில்லை. உங்கள் ஊழியர் ஒருவர் விடுமுறை கேட்டு வாயிலில் நிற்கும்போது, அவர் வீட்டில் பாடசாலைக்குச் செல்லும் பிள்ளை உண்டோ என ஒரு முறை கேளுங்கள்.