சமாதானமாய் நடந்தது

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் எங்கள் வீட்டில் யாரும் வெளியே போவதில்லை. அந்த நேரத்தில்தான் எங்கள் மகன் மலையிலிருந்து இறங்கிச் சந்தை ஊருக்கு வருவான். அங்கேதான் கைப்பேசிக்கு ஒழுங்காகச் சிக்னல் கிடைக்கும். அரை மணி நேரத்துக்குள் ஒரு வாரத்து வீட்டுச் செய்தியைச் சொல்லி முடித்தாக வேண்டும்.

அவன் ஜார்க்கண்டில், ராஜ்மகால் மலைப்பகுதியில் மிஷனரியாக இருக்கிறான். போய் நான்காவது வருடம். அவன் வேலை செய்வது சௌரியா பகாடியா என்னும் பழங்குடி மக்களிடையே. மலைச்சரிவுகளில் மக்காச்சோளமும் தட்டப்பயறும் விதைத்து, விறகு சுமந்து விற்று வாழ்கிறவர்கள். மலேரியாவும், மணல் ஈ கடித்து வரும் காலா அசார் காய்ச்சலும் நீண்ட காலமாக வாட்டிய மலை அது. அவர்கள் பேசும் மால்தோ மொழி நம் மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. பல்லுக்கு அவர்கள் சொல்வது 'பலு'. நான் என்பதற்கு 'ஏன்'. "இங்க ஒருத்தர் 'நான்'னு சொன்னா நம்ம காதுக்குக் கேள்வி கேக்குற மாதிரி இருக்கும்பா" என்று முதல் மாதம் சொல்லிச் சிரித்தான்.

அவன் போவதில் எங்களுக்கு விருப்பம் இருக்கவில்லை. நாங்கள் இருவரும் இருபது வருடத்துக்கு மேலாகத் தலித் உரிமை இயக்கத்தில் இருக்கிறோம். பிள்ளை வக்கீலுக்குப் படிப்பான், நம்முடைய வழக்குகளை நடத்துவான் என்று நினைத்திருந்தோம். "மதத்துக்குப் பிள்ளையைக் கொடுத்துட்டீங்களே" என்று தோழர்கள் கேலி செய்தபோது எங்களிடம் பதில் இல்லை. அவனிடம் இருந்தது. "தாத்தாவுக்கு முதல்ல எழுத்துச் சொல்லிக் கொடுத்தது ஒரு உபதேசியார்னு நீங்கதான சொன்னீங்க? அதே வேலையை நான் அங்க செய்றேன்" என்றான். அதற்குமேல் நாங்கள் தடுக்கவில்லை.

வழியனுப்பு ஆராதனை எங்கள் ஊர்க் கோயிலில் நடந்தது. எல்லாத் தெருக்காரர்களும் வந்து அவன் தலையில் கை வைத்து ஜெபித்தார்கள். சேகரத்துப் பெரியவர் ஒருவர், "இவன் நம்ம எல்லார் வீட்டுப் பிள்ளை" என்றார். ஆச்சி முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். அந்த வரிசையில் அவர் உட்கார்ந்தது எண்பது வயதில் அதுதான் முதல் தடவை.

அதன்பிறகுதான் ஆச்சி அந்த ஆசையைச் சொன்னார்.

எங்கள் கல்லறைத் தோட்டத்தின் நடுவே இடுப்பளவு உயரத்தில் ஒரு சுவர் உண்டு. வடக்கே அவர்களுக்கு, தெற்கே நமக்கு. தெற்குப் பக்கம் பள்ளம். ஐப்பசி, கார்த்திகையில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும். தாத்தாவின் கல்லறை இரண்டு மழைக்குள் உள்வாங்கிவிட்டது. "தண்ணி நிக்காத இடத்துல என்னைய வைங்கய்யா. எம்பேரன் ஊழியத்துக்குப் போயிருக்கான்லா, கேட்டா குடுப்பாக" என்றார் ஆச்சி. அவர் சாதி ஒழிப்பைப் பற்றிப் பேசவில்லை. தண்ணீரைப் பற்றித்தான் பேசினார்.

போன ஐப்பசியில் ஆச்சி இறந்தார். எங்களில் ஒருவருக்கு அம்மா, மற்றவருக்கு மாமியார். மகன் ரயில் மாறி வந்து சேர மூன்று நாள் ஆகும். வர வேண்டாம் என்று சொல்லிவிட்டோம்.

வடக்குப் பக்கம், வாசல் ஓரத்து வேப்பமரத்தடியில் இடம் கேட்டோம். முதலில் "இடம் இல்லை" என்றார்கள். இடம் இருப்பதைக் காட்டினோம். "கமிட்டி கூடித்தான் முடிவெடுக்கணும்" என்றார்கள். கமிட்டி கூடவில்லை. இளைஞர்கள் கல்லறைத் தோட்டத்து வாசலில் உட்கார்ந்தார்கள். இரவு போலீஸ் வந்தது, 'இரு தரப்பும்' அமைதி காக்க வேண்டும் என்றது. வருடாவருடம் அசனப் பண்டிகையில் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள் அன்றைக்குத்தான் இரு தரப்பாகிவிட்டோம். ஒன்றரை நாள் உடல் வீட்டிலேயே இருந்தது. மழையும் விடவில்லை. கடைசியில் தெற்குப் பக்கம், தாத்தாவுக்குப் பக்கத்தில், வாளியால் தண்ணீரை இறைத்து இறைத்துக் குழியைத் தோண்டினார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மகன் கேட்டான்: "ஆச்சியை எங்க வச்சீங்க?"

"தாத்தா பக்கத்துல."

"தண்ணி நிக்குமேம்மா?"

"மண்ணை மேடா போட்டிருக்கு யய்யா. நீ கவலைப்படாத."

அவனுடைய ஊழிய நிறுவனத்தின் மாத இதழில் மிஷனரிகளின் வீட்டுச் செய்திக்கு ஒரு பகுதி உண்டு. அவர்கள் கேட்டபோது நாங்கள்தான் எழுதிக் கொடுத்தோம். பேரனுக்காகத் தினமும் ஜெபித்த பாட்டி கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்கள், நல்லடக்க ஆராதனை சமாதானமாய் நடந்தது, ஜெபித்த அனைவருக்கும் நன்றி. கீழே எங்கள் இருவர் பெயர்.

மாணவர்களே, இதை வாசிக்கும் உங்களில் சிலர் எங்களோடு உண்மை அறியும் குழுக்களில் ஊர் ஊராக வந்தவர்கள். "பாதிக்கப்பட்டவங்க சொல்றதை அப்படியே எழுது. மணி என்ன, யார் நின்னாங்க, எந்தப் பாதையை மறிச்சாங்க, ஒண்ணையும் விடாதே" என்று உங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது நாங்கள்தான். எங்கள் வீட்டுச் சாவுக்கு நாங்கள் எழுதிய அறிக்கை அந்த ஒரு வரி.

ஏன் அப்படி எழுதினோம்? தூரத்தில், காய்ச்சலுக்கும் தனிமைக்கும் நடுவில் இருக்கிற பிள்ளைக்கு மனம் உடையக்கூடாது என்று நினைத்தோம். அங்கே 2017இல் வந்த மதச் சுதந்திரச் சட்டப்படி, மதமாற்றச் சடங்கு நடத்துகிறவர் மாவட்ட நிர்வாகத்திடம் முன் அனுமதி வாங்க வேண்டும். ஒவ்வொரு நாளும் அவன் பயத்தோடுதான் நடக்கிறான். எதிரிக்கு வாய் கொடுத்துவிடக்கூடாது என்றும் நினைத்தோம். 'உங்கள் சபைக்குள்ளேயே சாதி இருக்கிறதே' என்று கேட்பவர்களில் எத்தனை பேருக்கு நம்மேல் அக்கறை என்பது நமக்குத் தெரியும். இவையெல்லாம் உண்மையான காரணங்கள்தான். ஆனாலும் வரி பொய்தான்.

டிசம்பரில் அவனுக்குத் தெரிந்துவிட்டது. தெருப் பையன் ஒருவன் வாளியால் தண்ணீர் இறைத்ததைப் படம்பிடித்து வைத்திருந்தான், கிறிஸ்துமஸ் வாழ்த்தோடு அதையும் அனுப்பிவிட்டான். அந்த ஞாயிறு மகன் அழைத்தான். கொஞ்ச நேரம் பேச்சே வரவில்லை. பிறகு, "ஏம்மா?" என்றான். அது எந்த 'ஏன்' என்று எங்களுக்குப் புரியவில்லை. எதற்கும் எங்களிடம் பதில் இல்லை.

அவன் கோபப்படவில்லை. அவனும் ஒன்றைச் சொன்னான். அவனுக்குச் சோறு போடும் வீட்டுப் பெரியவர் முதல் வருடமே, "உங்க ஊர்ல நீங்க என்ன சாதி?" என்று கேட்டிருக்கிறார். "கிறிஸ்துவுக்குள்ள சாதி இல்லை" என்று சொல்லியிருக்கிறான். "அப்ப ஊர்ல இருக்கு" என்று அவர் சிரித்தாராம். அதற்குமேல் அவரும் கேட்கவில்லை, இவனும் சொல்லவில்லை. நாங்கள் அவனிடம் மறைத்ததைப் போலவே அவன் அவரிடம் மறைத்திருக்கிறான்.

அன்று அவன் கேட்ட இன்னொரு கேள்வியை உங்கள் முன்னும் வைக்கிறோம். "இவங்க ஞானஸ்நானம் எடுத்தாலும் பழங்குடிச் சான்றிதழ் போகாது. எனக்கும் தங்கச்சிக்கும் மட்டும் ஏன்பா?"

பழங்குடிப் பட்டியலுக்கு மத நிபந்தனை இல்லை. அதையும் பறிக்க வேண்டும் என்ற குரல்கள் இப்போது கிளம்பியிருக்கின்றன. பட்டியல் சாதிக்கு 1950 ஆகஸ்ட் 10 அன்று வந்த குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி நிபந்தனை போட்டது. இந்து அல்லாதவர் பட்டியல் சாதி ஆகமாட்டார் என்றது. 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவரும் முஸ்லிமும் வெளியேதான். தமிழ்நாட்டில் நமக்குப் பிற்படுத்தப்பட்டோர் சான்றிதழ். எங்கள் மகள் கல்லூரிக் கலந்தாய்வில் அந்த வரிசையில்தான் நின்றாள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் நம் உடம்பில் விழும் அடிக்குப் பொருந்தாது. ஆகஸ்ட் 10ஐக் கறுப்பு நாளாக நாம் கடைப்பிடிப்பது இதற்காகத்தான்.

சென்னையில் சாலையோரம் செருப்புத் தைத்துக்கொண்டிருந்த சூசை இதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனார். இந்துவான செருப்புத் தொழிலாளிகளுக்கு அரசு கொடுத்த பெட்டிக்கடை அவருக்குக் கிடைக்கவில்லை, கிறிஸ்தவர் என்பதால். 1985இல் தீர்ப்பு வந்தது. மதம் மாறிய பின்னும் அதே இழிவு அதே கடுமையோடு கிறிஸ்தவத்துக்குள் தொடர்கிறது என்பதற்குப் போதிய ஆதாரம் காட்டப்படவில்லை என்று மனு தள்ளுபடியானது. 2004இல் போட்ட வழக்கு இழுத்துக்கொண்டே போகிறது. 2022 அக்டோபரில் நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் ஆணையம் அமைத்தார்கள். அதன் முன்னால் வைக்கப்பட்டதும் ஏறக்குறைய அதே கேள்விதான்: மாறிய பின்னும் தொடர்கிறதா?

ஆதாரம் எங்கே என்று கேட்கிறார்கள். ஆதாரம் எங்கள் வீட்டில் ஒன்றரை நாள் ஐஸ் பெட்டியில் கிடந்தது. நாங்கள் 'சமாதானமாய் நடந்தது' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தோம். நாளைக்கு யாராவது அந்த இதழை எடுத்து நீட்டி, "பாருங்கள், இவர்களே எழுதியிருக்கிறார்கள்" என்றால் என்ன சொல்வோம்?

மறைப்பது நமக்குப் பழகிப்போனது. 1833இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபைகளில் சாதி வேற்றுமையை உடனே முழுவதுமாக விட்டுவிட வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் பலர் அதை ஏற்காமல் சபையை விட்டே வெளியேறினார்கள். கிட்டத்தட்ட இருநூறு வருடம் ஆகிறது. இவ்வளவு காலமும் நம் தாத்தா, பாட்டிமார் எத்தனை பேரைத் தண்ணீர் இறைத்துப் புதைத்திருப்பார்கள்! எந்தச் சபைப் பதிவேட்டில் அது இருக்கிறது? பெயர், தேதி, வயது இருக்கும். சுவர் இருக்காது.

அதனால் ஒன்று முடிவு செய்தோம். மகனுக்குச் சொல்லும் செய்தியில் இனி எதையும் விடுவதில்லை. சந்தோஷமும் சேர்த்துத்தான். மாத இதழுக்கும் திருத்தம் எழுதி அனுப்பினோம். அவர்கள் போடவில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறோம். மகனிடம் கேட்டோம். "எழுதுங்கம்மா. எனக்கு வர்றது வரட்டும்" என்றான்.

போன ஞாயிறு சொன்ன செய்திகள் இவை. வெள்ளாடு இரண்டு குட்டி போட்டிருக்கிறது, ஒன்று நொண்டுகிறது. தங்கைக்கு விடுதியில் இடம் கிடைத்துவிட்டது. சுவரை எடுக்கச் சொல்லி ஆட்சியரிடம் கொடுத்த மனுவை வட்டாட்சியருக்கு அனுப்பியிருக்கிறார்கள். வடக்குத் தெருவிலிருந்து மூன்று பேர் மனுவில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். அதில் ஒருவர், வழியனுப்பு ஆராதனையில் "நம்ம எல்லார் வீட்டுப் பிள்ளை" என்று சொன்ன பெரியவர். ஆச்சியின் கல்லறை ஒரு பக்கம் இறங்கியிருக்கிறது. மழைக்கு முன்னால் மண் அடிக்க வேண்டும்.

அவன் சொன்ன செய்தி ஒன்றுதான். சோறு போடும் பெரியவரிடம் ஆச்சியின் அடக்கத்தைப் பற்றி எல்லாவற்றையும் சொல்லிவிட்டானாம். "அவர் என்ன சொன்னார்?" என்று கேட்டோம்.

"ஒண்ணும் சொல்லலப்பா. ஆச்சி பேரு என்னன்னு கேட்டார்."