எங்கே நிற்கும் என்று முதலில் கேள்

கோவை,
ஞாயிறு மாலை

அன்புள்ள மீனாவுக்கு,

மாமா எழுதுவது. ஆய்வுக்கு இடைமறிப்பு ஏவுகணைகளை எடுத்திருக்கிறாய், எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை என்றாய். அமெரிக்காவின் எஸ்எம்-3 பிளாக் 2பி-யிலிருந்து தொடங்கு. அது பிறக்கவே இல்லை. ஏன் பிறக்கவில்லை என்பதில்தான் பாடம் இருக்கிறது.

2009 செப்டம்பரில் அதிபர் ஒபாமா ஐரோப்பாவுக்கு அறிவித்த நான்கு கட்ட ஏவுகணைப் பாதுகாப்புத் திட்டத்தின் கடைசிக் கட்டம் அது. ஈரானிலிருந்து அமெரிக்காவை நோக்கி நெடுந்தூர ஏவுகணை கிளம்பினால் ஐரோப்பாவிலிருந்தே அதை வீழ்த்த வேண்டும். 2020 வாக்கில் தயாராக வேண்டும். ருமேனியா, போலந்து இரண்டிலும் தளங்கள் என்று வைத்துக்கொண்டார்கள். கணக்கு அப்புறம்தான் வந்தது. அமெரிக்காவைக் காக்க ருமேனியா தோதான இடமில்லை. போலந்து உதவ வேண்டுமானால், எதிரி ஏவுகணையின் எஞ்சின் எரிந்துகொண்டிருக்கும்போதே இடைமறிப்பு ஏவுகணையை ஏவியாக வேண்டியிருக்கும். வட கடலில் கப்பலை நிறுத்தலாம் என்றால், பரிசீலனையில் திரவ எரிபொருளும் இருந்தது. கப்பலில் அது கசிந்து தீப்பிடித்தால்? கடற்படை அதற்கு முன்பே தடை போட்டிருந்தது.

மாற்று வழிகளை முறையாக எடைபோடும் ஆய்வு நடக்கவே இல்லை என்று 2013 பிப்ரவரியில் அமெரிக்க அரசுப் பொறுப்புடைமை அலுவலகம் எழுதியது. இதை நடத்திய ஏவுகணைப் பாதுகாப்பு முகமைக்கு வழக்கமான கொள்முதல் விதிகளிலிருந்து விலக்கு இருந்தது. வேகத்துக்காகக் கொடுத்த அந்த விலக்குதான் கெடுத்தது என்பது என் எண்ணம். மார்ச் 15 அன்று பாதுகாப்பு அமைச்சர் ஹேகல் 2பி திட்டத்தைக் கைவிட்டார். அன்றே, தரையிலிருந்து ஏவும் பழைய இடைமறிப்பு ஏவுகணைகளை 30-லிருந்து 44 ஆக்குவதாகவும், கூடுதல் 14-ஐ அலாஸ்காவில் வைப்பதாகவும் அறிவித்தார்.

இதே கதை நம் வீட்டிலும் நடந்தது. நம் தோட்டத்துக் கிணற்றைப் பற்றி உன் அம்மாவிடம் கேள். தாத்தா ஆழம் அளக்காமல் மோட்டார் வாங்கி வந்தார். தண்ணீர் மேலே ஏறவில்லை. மோட்டாரில் ஒரு குறையும் இல்லை.

ஆகவே மாற்று வழிகளை ஒப்பிடும் உன் அட்டவணையில் ஏவுகணைப் பெயர்களை மட்டும் அடுக்காதே. எங்கே நிற்கும், தரையா கப்பலா, ரேடார் எவ்வளவு முன்னதாகப் பார்த்துச் சொல்லும், எந்த எரிபொருள், யார் கையாளுவார்கள் என்று ஒவ்வொன்றையும் எழுது. புதிதாக எதுவும் செய்யாமல் 'இருப்பதை மேம்படுத்தினால் போதும்' என்ற வழிக்கும் ஒரு வரிசை வை. முடிவை மனத்தில் வைத்துக்கொண்டு எண்களை வளைத்த அறிக்கைகளை என் பணிக்காலத்தில் நிறையப் பார்த்துவிட்டேன். நீ அப்படி எழுதக் கூடாதம்மா. மக்கள் பணமும் மக்கள் உயிரும் சேர்ந்த விஷயம் இது.

முதல் வரைவு முடிந்ததும் அனுப்பு. அந்த வரிசைக்கு நேரே என்ன எழுதியிருக்கிறாய் என்றுதான் முதலில் பார்ப்பேன்.

அன்புடன்,
மாமா