மூச்சைப் பிடிங்க

எனக்கு வரும் அறிவியல் செய்திகளில் பாதி, என் வேலை போய்விட்டதாகச் சொல்பவை. அனுப்புவது பெரும்பாலும் என் தம்பி. "அக்கா, இனிமே எக்ஸ்ரேவை கம்ப்யூட்டரே பார்த்துடுமாம்" என்று ஒரு வரி, கூடவே கண்ணீர் விடும் மஞ்சள் முகம் ஒன்று. இப்படி முதன்முதலாக எனக்கு வேலை போனது 2016-இல். ஜெஃப்ரி ஹிண்டன் என்ற கணினி விஞ்ஞானி, கதிரியக்க மருத்துவர்களுக்குப் பயிற்சி கொடுப்பதை இப்போதே நிறுத்திவிடலாம், ஐந்தாண்டில், போனால் பத்தாண்டில், இயந்திரம் அவர்களைவிட நன்றாகப் படம் பார்த்துவிடும் என்று பேசியிருந்தார். ஐந்தாண்டு முடிந்த 2021-இல் கோவிட் உச்சத்தில் இருந்தது. நான் மதியச் சோற்றை மாலை ஐந்து மணிக்குச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். 2024-இல் அவருக்கு இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. தம்பி அதையும் அனுப்பினான்.

நான் மருத்துவர் இல்லை, டெக்னீஷியன். ஹிண்டன் பேசியது படத்தைப் பார்ப்பவர்களைப் பற்றி. படம் எங்கிருந்து வருகிறது என்று செய்தி எழுதுகிற யாரும் கேட்பதில்லை. குழாயைத் திறந்தால் தண்ணீர் வருவதுபோல அதுவும் வருவதாக நினைக்கிறார்கள் போலிருக்கிறது. தண்ணீரும் அப்படி வருவதில்லை என்பது சென்னைக்காரர்களுக்குத் தெரியும்.

தேனாம்பேட்டையில் அண்ணா சாலையை விட்டு உள்ளே திரும்பினால் வரும் ஒரு சிறிய ஸ்கேன் சென்டரில் 22 வருடமாக வேலை செய்கிறேன். மாநிலத்தின் சுகாதாரத் துறை அலுவலகங்கள் இருக்கும் டி.எம்.எஸ். வளாகம் நடக்கிற தூரம். நான் சேர்ந்தபோது ஃபிலிம்தான். இருட்டறை, சிவப்பு விளக்கு, டெவலப்பர், ஃபிக்ஸர், வீட்டுக்குப் போன பிறகும் விரல் நுனியில் புளிப்பு வாடை. ஆணும் பெண்ணும் ஒன்றாக இருட்டறைக்குள் போகக் கூடாது என்பது அப்போதைய முதலாளியின் சட்டம். அதனால் கழுவும் வேலை முழுக்க என் தலையில் விழுந்தது. ஒழுக்கம் காப்பாற்றப்பட்டது, என் விரல்கள் வெந்தன.

ஒரு நெஞ்சு எக்ஸ்ரேயில் கதிர் பாயும் நேரம் ஒரு நொடியின் சிறு துளி. செய்திகள் எல்லாம் அந்தத் துளியைப் பற்றியவை. அதற்கு முன்னால் ஐந்து நிமிடம் இருக்கிறது. என் வேலை அந்த ஐந்து நிமிடம்.

முதலில் தாலி. தங்கம் படத்தில் வெள்ளை வெளேரென்று விழும், அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாது. "கழட்டணுமா?" என்று கேட்கும்போதே சிலருக்குக் கை நடுங்கும். வெளியே மாமியார் உட்கார்ந்திருப்பார். கழற்றச் சொல்லி நான் வாதாடுவதில்லை. கயிற்றைத் தூக்கி, தாடைக்கு மேல் கொண்டுவந்து, பல்லால் கவ்விக்கொள்ளச் சொல்வேன். ஐம்பது வயதுப் பெண்மணி தாலியைக் கவ்விக்கொண்டு பலகையில் மார்பை ஒட்டி நிற்கும் காட்சியை எந்த அறிவியல் இதழும் அட்டையில் போட்டதில்லை. தாலியோடு ஊக்குகள் வேறு. ஜாக்கெட் கொக்கி போனால் மாற்ற ஒன்று, புடவை மடிப்புக்கு ஒன்று, பேருந்தில் பின்னால் ஒட்டி நிற்பவனைக் குத்துவதற்கு ஒன்று. ஒருமுறை ஏழு எண்ணினேன்.

அடுத்து பின்னல். எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய சடை தோளருகே தொங்கினால் நுரையீரலின் மேல் நுனியில் நிழல் விழும். காசநோய் வந்து உட்காரப் பிரியப்படும் இடமும் அதுதான். ஆகவே சடையைத் தூக்கி உச்சியில் சுருட்டி வைக்க வேண்டும். பிறகு மார்பகம். கீழ்ப்பகுதியில் அதன் நிழல் மங்கலாகப் பரவும், காம்பின் நிழல் சின்னக் கட்டிபோலத் தெரியும். இதையெல்லாம் தெரிந்துகொண்டு தோளை முன்னால் உருட்டி, முகவாயைத் தூக்கி, "நல்லா இழுங்க, மூச்சைப் பிடிங்க, அசையாதீங்க" என்று சொல்லிவிட்டு ஓட வேண்டும். "டாக்டர் எப்ப வருவாரு?" என்று கேட்பார்கள். படம் எடுத்தாகிவிட்டது என்றால் நம்ப மாட்டார்கள்.

உலகின் முதல் எக்ஸ்ரே படங்களில் மிகப் புகழ்பெற்றது ஒரு பெண்ணின் கை. வில்ஹெல்ம் ராண்ட்ஜன் 1895 நவம்பர் 8 அன்று இந்தக் கதிரைக் கண்டுபிடித்தார். டிசம்பர் 22 அன்று மனைவி அன்னா பெர்த்தாவை ஆய்வகத்துக்குக் கூப்பிட்டுக் கையை வைக்கச் சொன்னார். எலும்புகள் தெரிந்தன, விரலில் மோதிரமும் தெரிந்தது. எங்கள் செய்முறைத் தேர்வில் மோதிரத்தைக் கழற்றாமல் கையைப் படம் எடுத்தால் மதிப்பெண் குறைப்பார்கள். அவருக்கு 1901-இல் இயற்பியலுக்கான முதல் நோபல் பரிசு கொடுத்தார்கள். பல நிமிடங்கள் கையை அசைக்காமல் வைத்திருந்தது பெர்த்தா. நான் பார்த்த பாடப் புத்தகங்களில் 'மனைவியின் கை' என்று இருக்கும், சிலவற்றில் வெறுமனே 'கை'.

1896 ஜனவரியில் செய்தி உலகம் முழுக்கப் பரவியது. பரவிய கொஞ்ச நாளிலேயே லண்டன் கடை ஒன்று, எக்ஸ்ரே ஊடுருவ முடியாத பெண்கள் உள்ளாடை என்று விளம்பரம் செய்தது. தொழில்நுட்பச் செய்தியின் பரம்பரை குணம் அப்போதே தெரிந்துவிட்டது: ஒரு புதுக் கருவி வரும், கூடவே பெண்ணுக்கு ஒரு பயமும் அந்தப் பயத்துக்கு ஒரு விற்பனைப் பொருளும் வரும். சிரிக்கலாம்தான். ஆனால் இன்றைக்கும் என் அறையில் கதவு சாத்தியதும், "உள்ள எல்லாம் தெரியுமா மேடம்? வெளிய இருக்கிற தம்பி கம்ப்யூட்டர்ல பார்ப்பாரா?" என்று காதருகே வந்து கேட்கிறார்கள். எலும்பும் நுரையீரலும்தான் தெரியும் என்று சொல்லி, திரையை அவர்கள் பக்கம் திருப்பி, பழைய படம் ஒன்றைக் காட்டுவேன். தோள் தளரும். தோள் தளர்ந்தால்தான் படம் சரியாக வரும்.

இந்தத் தொழிலின் ஆரம்பத்தில் உயிர் விட்டவர்களில் பெண்களும் உண்டு. சான் ஃபிரான்சிஸ்கோவில் எலிசபெத் ஃப்ளெய்ஷ்மன் என்பவர் செய்தி வந்த வேகத்தில் தொழிலைக் கற்று, சொந்தமாக எக்ஸ்ரே நிலையம் வைத்து, பிலிப்பைன்ஸ் போரிலிருந்து திரும்பிய வீரர்களின் உடலில் குண்டு எங்கே இருக்கிறது என்று படம் எடுத்துக் கொடுத்தார். கதிர்வீச்சு கையைத் தின்றது. கையை வெட்டினார்கள். 1905-இல் புற்றுநோயில் இறந்தார். நம் ஊரில் பொது மருத்துவமனையில் பர்னார்டு கதிரியக்க நிறுவனம் 1934-இல் வந்தது. கேப்டன் பர்னார்டின் பெயரை அது தாங்கி நிற்கிறது. அங்கே வந்த பெண்களின் முந்தானையை விலக்கி, சடையைத் தூக்கி நிற்க வைத்தவர் யார் என்று நான் எங்கும் படித்ததில்லை.

கஷ்டமான கேள்வி ஒன்று இருக்கிறது. வயிறு, இடுப்பு எக்ஸ்ரே என்றால் கேட்டே ஆக வேண்டும்: "நாள் தள்ளிப் போயிருக்கா? கடைசியா எப்ப தலைக்குக் குளிச்சீங்க?" சுவரில் 'கர்ப்பிணிகள் முன்கூட்டியே தெரிவிக்கவும்' என்று பலகை மாட்டியிருக்கிறது. பலகை மாட்டியவருக்குக் கல்யாணமாகாத பெண்ணோடு அவள் அம்மாவும் உள்ளே வருவார் என்று தோன்றவில்லை. "என் பொண்ணைப் பார்த்து என்ன கேள்வி கேக்கிற?" என்று ஒருவர் கத்தியிருக்கிறார். அதிலிருந்து, "அம்மா, கதிர் படும், நீங்க வெளிய இருங்க" என்று முதலில் அம்மாவை அனுப்பிவிடுவேன். அது உண்மையும்கூட. கதவு மூடியபின் கேட்டால் பதில் வரும். சில சமயம் வாயால் வராது, தலையசைப்பாக வரும். படத்தைத் தள்ளிவைத்துவிட்டு, டாக்டரிடம் தனியாகப் பேச வழி செய்து, வெளியே "மெஷின் கொஞ்சம் சூடாயிடுச்சு, நாளைக்கு வாங்க" என்பேன். எங்கள் மெஷின் அடிக்கடி சூடாகும்.

இதற்கு நேர் எதிரான பயமும் உண்டு. நெஞ்சு எக்ஸ்ரே எடுத்த பிறகு கர்ப்பம் தெரியவந்து, கலைத்துவிடச் சொல்லும் குடும்பத்தோடு வந்து நிற்பவர்கள். 2021 மே மாதம் அந்தக் கூட்டம் அதிகமானது. ஒரு சி.டி. ஸ்கேன் 300 முதல் 400 நெஞ்சு எக்ஸ்ரேக்குச் சமம் என்று அப்போதைய எய்ம்ஸ் இயக்குநர் சொன்னார். லேசான கோவிட்டுக்கெல்லாம் ஸ்கேன் எடுக்காதீர்கள் என்பது அவர் சொல்ல வந்தது, நியாயமானது. கதிரியக்க மருத்துவர்கள் சங்கம் அது பழைய கணக்கு, இப்போது ஐந்து பத்து எக்ஸ்ரே அளவுதான் என்று மறுத்தது. எந்த மெஷின், எந்த அளவு, எதோடு ஒப்பீடு என்பதைப் பொறுத்து இரண்டு கணக்கும் வரும். செய்திக்கு அதைச் சொல்ல இடமில்லை. படித்தவர்கள் எக்ஸ்ரேயையும் ஸ்கேனையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு வந்தார்கள். 100 மில்லிகிரேக்குக் கீழே இருந்தால் கதிர்வீச்சைக் காரணம் காட்டிக் கருவைக் கலைக்கத் தேவையில்லை என்று பன்னாட்டுக் கதிரியக்கப் பாதுகாப்பு ஆணையம் 2000-இல் வெளியிட்ட 84-ஆம் அறிக்கை சொல்கிறது. நெஞ்சு எக்ஸ்ரேயில் கருவுக்குப் போவது ஒரு மில்லிகிரேயில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. முடிவு சொல்வது டாக்டர் வேலை. இந்த இரண்டு எண்களையும் ஒரு சீட்டில் எழுதிக் கையில் கொடுத்து, டாக்டரிடம் காட்டச் சொல்வது என் வேலை.

என் இரண்டாவது பிரசவத்தின்போது இதே எண்களை எனக்காகவும் எழுத வேண்டிவந்தது. எங்கள் சட்டையில் ஒரு பேட்ஜ் குத்தியிருக்கும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை அனுப்பி எவ்வளவு கதிர் பட்டது என்று பார்ப்பார்கள். வருடத்துக்கு சராசரியாக 20 மில்லிசீவர்ட் வரை போகலாம். என் பேட்ஜ் பூஜ்யத்தைத் தாண்டியதே அபூர்வம். கர்ப்பத்தைத் தெரிவித்தபின் கருவுக்கு 1 மில்லிசீவர்ட் தாண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் வரம்பு. வேலையை அதற்கேற்ப மாற்றிக் கொடுக்க வேண்டும், கர்ப்பத்தைச் சொன்னதற்காக வேலையை விட்டு அனுப்பக் கூடாது என்பது உலக அளவில் ஒப்புக்கொண்ட விதி. நான் அதை அச்சடித்து எடுத்துக்கொண்டு போனேன். முதலாளி படிக்கவில்லை. "ரிஸ்க் எதுக்கும்மா, வீட்ல இரு, குழந்தைதான் முக்கியம்" என்றார், மிகுந்த பாசத்தோடு. சம்பளம் பற்றி அந்தப் பாசத்தில் ஒரு வார்த்தையும் இல்லை. பிரசவ காலச் சட்டம் பத்துப் பேர் வேலை செய்யும் இடத்துக்குத்தான் பொருந்தும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. எங்கள் வருகைப் பதிவேட்டில் எப்போதும் ஒன்பது பேர். கடைசியில் முன் மேஜையில் பில் போட உட்கார வைத்தார்கள், மூன்றில் ஒரு பங்கு சம்பளத்தைக் குறைத்து. கதிர்வீச்சிலிருந்து ஒரு பெண்ணைக் காப்பாற்ற ஆகும் செலவை அந்தப் பெண்ணே கொடுக்க வேண்டும் என்பதை எந்த மீட்டரும் காட்டுவதில்லை.

இனி தம்பியின் செய்திக்கு வருகிறேன். மென்பொருளை நான் கேலி செய்யவில்லை. காசநோயைக் கண்டுபிடிக்க, 15 வயதுக்கு மேற்பட்டவர்களின் நெஞ்சுப் படத்தைப் பார்க்க அதைப் பயன்படுத்தலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2021-இல் பரிந்துரைத்தது. படம் பார்க்க டாக்டரே இல்லாத ஊர்களில் அது பெரிய விஷயம். ஆனால் ஆண்களின் படங்களை மட்டும் காட்டிப் பழக்கினால் பெண்களின் படத்தில் அது தடுமாறுகிறது என்று 2020-இல் அர்ஜென்டினா ஆராய்ச்சியாளர்கள் காட்டினார்கள். அமெரிக்கப் படங்களை வைத்துச் செய்த இன்னொரு ஆய்வில், நோய் இருந்தும் இல்லை என்று சொல்லப்பட்டவர்களில் பெண்கள் அதிகம். இந்தச் செய்திகளைத் தம்பி அனுப்பவில்லை, அவனுக்கு வந்திருக்காது.

போன வருடம் ஒரு விற்பனைப் பிரதிநிதி அப்படியொரு மென்பொருளைக் காட்ட வந்தார். நான் சாப்பிடப் போயிருந்தேன். பயிற்சிக்கு வந்த பையன் ஒரு பெண்ணுக்குப் படம் எடுத்திருந்தான். நல்ல பையன், வெட்கப்படுவான். சடையைத் தூக்கச் சொல்ல வாய் வரவில்லை, தொடவும் முடியாது. திரையில் வலது நுரையீரலின் மேல் நுனியில் சிவப்புக் கட்டம், பக்கத்தில் 'காசநோய்க்கு வாய்ப்பு' என்று ஒரு எண். பிரதிநிதியின் முகத்தில் வெளிச்சம். வீட்டு வேலை செய்கிற பெண் அவள், எல்டாம்ஸ் சாலையில் நான்கு வீடு. வாசலில் நின்று எங்கள் முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காசநோய் என்று ஒரு வார்த்தை வெளியே போனால் நான்கு வீடும் போய்விடும்.

அவளை உள்ளே கூப்பிட்டேன். சடையைச் சுருட்டி என் தலையிலிருந்த கிளிப்பைக் குத்தினேன். உலோகமில்லாதது, அதற்கென்றே வைத்திருப்பது. மூச்சைப் பிடிக்கச் சொன்னேன். இரண்டாவது படத்தில் கட்டம் இல்லை.

"பார்த்தீங்களா மேடம், எவ்ளோ கரெக்டா மாத்திக்குது!" என்றார் பிரதிநிதி.

அவள் சடையை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு, கிளிப்பைத் திருப்பிக் கொடுத்தாள். "அக்கா, ரெண்டாவதுக்குத் தனியா காசு கட்டணுமா?"

"வேணாம்மா" என்றேன்.