பாரம் ஏற்றிப் பார்த்த பேருந்து

மாடு வாங்கப் போகும் விவசாயி பல்லைப் பிடித்துப் பார்ப்பார், நடக்கவிட்டுப் பார்ப்பார். கறவை மாடு என்றால் இரண்டு வேளையாவது தன் கையால் கறந்து பார்ப்பார். ஒரு வேளை கறக்காமல் விட்டு, மடியைப் பெருக்கிக் காட்டும் வித்தை சந்தையில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் பழைய டிராக்டரோ, வேனோ, பேருந்தோ வாங்கும்போது பெயின்ட்டையும் டயரையும் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுப்பவர்கள்தான் அதிகம். பொன்னேரி பக்கத்து விவசாயி ஒருவர், மாடு வாங்கும் கணக்கிலேயே பேருந்து வாங்கப் போனார்.

அவருக்கு இரண்டரை ஏக்கர் நெல். மகன் வெளியூர் ஆம்னி பேருந்து ஓட்டுநர். கார்த்திகையில் சபரிமலை, மார்கழி, தையில் மேல்மருவத்தூர், பிறகு கல்யாணம் என்று சொந்த வண்டி இருந்தால் ஆண்டுக்கு ஆறு மாதம் ஓடும் என்பது மகனின் கணக்கு. இரண்டு கறவை மாடுகளை விற்ற பணமும் நகைக்கடனும் போக, மீதிக்கு நிலப்பத்திரத்தை வங்கியில் வைக்க வேண்டும். "வண்டி நின்னா நெலமும் போயிடும். அதை மனசுல வெச்சுக்கிட்டுப் பாருங்க" என்றார் மனைவி.

சூடாக இருந்த இன்ஜின்

வண்டி பார்க்கப் போனது திருவொற்றியூரில். அடுத்திருக்கும் எண்ணூரில்தான் அசோக் லேலண்டின் முதல் தொழிற்சாலை. 1948-ல் அசோக் மோட்டார்ஸ் என்ற பெயரில் தொடங்கி, முதலில் ஆஸ்டின் கார் பூட்டிய நிறுவனம், 1955-ல் அசோக் லேலண்ட் ஆனது. துறைமுக லாரிகளும் சேர்ந்துகொள்ள, கனரக வண்டியின் சத்தத்தைக் கேட்டே நோய் சொல்லும் மெக்கானிக்குகள் இந்தப் பகுதியில் உண்டு. அப்படி ஒரு மேஸ்திரியைக் கூலி பேசி அழைத்துக்கொண்டார் விவசாயி.

பதினொரு வயதான பேருந்து. சீட் கவர் முதல் ஜன்னல் திரை வரை எல்லாம் புதுசு. மேஸ்திரி ஒன்றையும் பார்க்காமல் நேராகப் போய் இன்ஜின் மேல் கை வைத்தார்.

"வண்டி சூடா கீதுண்ணே. நாம வர்றதுக்கு முன்னாடியே எழுப்பிக்கீறாங்க."

கறக்காமல் விட்ட மடி மாதிரிதான் இதுவும். ஆறிய இன்ஜின்தான் உண்மை பேசும். மறுநாள் காலை ஆறு மணிக்கு வருவதாகவும், அதுவரை யாரும் தொடக்கூடாது என்றும் சொல்லிவிட்டுத் திரும்பினார்கள்.

மறுநாள் இரண்டாவது சுற்றில் இன்ஜின் பிடித்தது. லேசான வெள்ளைப் புகை சில நிமிடங்களில் மறைந்தது. வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால் கூலன்ட் உள்ளே கசிகிறதோ என்று பார்க்க வேண்டும். நீலப் புகை என்றால் இன்ஜின் ஆயில் எரிகிறது. கறுப்பு என்றால் டீசல் சரியாக எரியவில்லை. ஏர் ஃபில்டர், இன்ஜெக்டரைப் பார்க்க வேண்டும். அடுத்து, காற்று முழுக்க ஏறியதும் இன்ஜினை நிறுத்தி, பிரேக்கை மிதித்தபடியே மீட்டர் முள்ளைக் கவனித்தார் மேஸ்திரி. முள் மளமளவென்று இறங்கினால் ஏர் பிரேக்கில் கசிவு என்று அர்த்தம். இறங்கவில்லை.

பிறகு வண்டிக்கு அடியில் படுத்தார். உப்புக்காற்று அடிக்கும் ஊரில் நிற்கும் வண்டியின் சேஸிஸில் புதுக் கறுப்பு பெயின்ட் இருந்தால் அவர் நம்புவதில்லை. சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போனார். பாடியில் காந்தம் ஒட்டாத இடமெல்லாம் பட்டி பூசிய இடம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வடசென்னையில் எத்தனையோ வண்டிகள் தண்ணீரில் நின்றன. அதனால் சீட்டுக்கு அடியில் சேற்றுக்கோடு இருக்கிறதா, ஒயர் இணைப்புகளில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கிறதா என்றும் பார்த்தார். எதுவும் இல்லை. மகனுக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"காலி வண்டி கல்யாண மாப்ள மாதிரி தம்பி. பாரம் ஏத்துனாத்தான் தெரியும்" என்றார் மேஸ்திரி.

முப்பத்தெட்டு பேர், பத்து மூட்டை

ஐம்பது பேர், ஆளுக்கு 60 கிலோ என்றால் 3,000 கிலோ. நெல் கணக்கில் 75 கிலோ மூட்டை நாற்பது. அவ்வளவு பாரத்துக்கு எங்கே போவது? வழி சொன்னது மனைவிதான். அந்த வாரம் வெள்ளிக்கிழமை பௌர்ணமி. ஊர் சனம் மேலூர் திருவுடையம்மன், திருவொற்றியூர் வடிவுடையம்மன், வடதிருமுல்லைவாயில் கொடியிடையம்மன் மூவரையும் ஒரே நாளில் தரிசிக்கக் கிளம்பும் நாள். திருவொற்றியூரிலிருந்து மூன்றாவது கோயிலுக்கு இந்த வண்டியிலேயே போகலாம் என்றார். இன்ஷூரன்ஸ், எஃப்.சி., பர்மிட் மூன்றும் நடப்பில் இருப்பதைப் பார்த்த பிறகு, உறவுக்காரர்கள் முப்பத்தெட்டு பேர் ஏறினார்கள். குறைக்கு டிக்கியில் பத்து மணல் மூட்டை.

மணலி சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் அரை மணி நேரம் ஊர்ந்தும் கிளட்ச் வாடை வரவில்லை. 'விஜய்' யூரியா தயாராகும் எம்.எஃப்.எல். தாண்டி மாதவரம், பாடி. மேம்பாலத்தில் சிரமமில்லாமல் ஏறியது. இறக்கத்தில் மகன் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் 'டக்' என்று நான்காவது கியர் தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வந்தது. திரும்பி வந்து இன்னொரு முறை ஏறி இறங்கினார்கள். மறுபடியும் கழன்றது.

"கியர் பாக்ஸ் எறக்கணும்" என்றார் மேஸ்திரி. காலி வண்டியில் இது தெரிந்திருக்காது. நாற்பது பேரோடு மலைப்பாதையில் இறங்கும்போது தெரிந்திருக்கும்.

கயிறு யார் கையில்?

விற்பவர் தரப்பு உடனே விலையைக் குறைத்தது. மகன் அப்போதும் சம்மதிக்கத் தயாராக இருந்தார். ஆர்.சி.யைக் கேட்டு வாங்கிப் பார்த்தது மனைவிதான். அதில் ஃபைனான்ஸ் பெயர் இன்னும் நீங்கவில்லை. இரண்டு காலாண்டு வரியும் பாக்கி. "அடுத்த வாரம் முடிச்சுத் தர்றேன்மா, இப்ப அட்வான்ஸ் போட்டுடுங்க" என்றார் விற்பவர்.

"மாடு உங்க கையில, கயிறு ஃபைனான்ஸ்காரங்க கையில. நாங்க எதைப் பிடிச்சுக்கிட்டு ஊருக்குப் போறது?" என்று கேட்டுவிட்டு எழுந்துகொண்டார்.

அவர் கேட்டது சரியான கேள்வி. கடன் நீங்கியதற்குப் படிவம் 35, பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30 வேண்டும். வண்டியோடு பர்மிட் தானாக வந்துவிடாது. போக்குவரத்து ஆணையத்தின் அனுமதி பெற்றுத்தான் மாற்ற முடியும். விற்பவர்களுக்கும் இதில் பாடம் உண்டு. வண்டியை விற்ற பிறகும் பதிவில் பெயர் மாறாமல் கிடந்தால், விபத்து இழப்பீட்டுக்குப் பதிவில் உள்ளவரே உரிமையாளராகப் பொறுப்பேற்க வேண்டும் என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. பழைய டிராக்டரை வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அந்தப் பேருந்து ஒரே வாரத்தில் வேறொருவருக்கு விலைபோனது. மகன் இரண்டு நாள் அப்பாவிடம் பேசவில்லை. நாற்பது நாள் கழித்து இன்னொரு வண்டி வந்தது. பார்க்க அழகு குறைச்சல், சீட்டெல்லாம் கிழிசல். அதையும் ஆறிய இன்ஜினில் எழுப்பி, ஆள் ஏற்றி, அதே பாடி மேம்பாலத்தில் ஏற்றி இறக்கினார்கள். கியர் நின்றது. ஃபைனான்ஸ் பெயர் நீங்கிய பிறகே முழுப் பணமும் கைமாறியது. அதற்குப் பிறகுதான் நிலப்பத்திரம் வங்கிக்குப் போனது.

முதல் வண்டிக்கு ஆன செலவு மேஸ்திரி கூலி, டீசல், மூன்று நாள் அலைச்சல். அம்மன் தரிசனம் தனி.