விலாசம் இல்லாத பாட்டில்

அப்பா தம் வாழ்நாளில் ஒரே ஒரு டெஸ்ட் மேட்ச்சைத்தான் நேரில் பார்த்தார். அந்த ஆட்டத்தில் அவர் மைதானத்தை நோக்கி ஒரு கண்ணாடிப் பாட்டிலை எறிந்தார். அதை எங்களிடம் சொல்ல அவருக்கு முப்பத்து மூன்று ஆண்டுகள் ஆயின.

2003 உலகக் கோப்பை நடந்துகொண்டிருந்த நேரம். தாராவியை விட்டுச் செம்பூருக்குக் குடிவந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. தொலைக்காட்சியில் எஸ். வெங்கட்ராகவன் நடுவராக நின்றுகொண்டிருந்தார். அப்பா சாப்பிட்ட கையைக் கழுவாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "இந்த மனுசனுக்காகத்தாம்ல அன்னைக்கு நான் பாட்டில எறிஞ்சேன்."

1969 நவம்பர். பம்பாய் பிரபோர்ன் மைதானத்தில் பில் லாரியின் ஆஸ்திரேலிய அணியோடு முதல் டெஸ்ட். திருநெல்வேலியிலிருந்து வந்து தாராவியில் ஒரு தோல் கிடங்கில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த அப்பாவுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. ஒரு வாரச் சம்பளத்தில் பாதியைக் கொடுத்து டிக்கெட் வாங்கியிருந்தார். காரணம் வெங்கட். முதலில் அவரை அணியில் சேர்க்கவில்லை. ஊரெல்லாம் முணுமுணுப்பு எழுந்த பிறகு வங்காளத்து சுப்ரதோ குஹா வழிவிட, வெங்கட் உள்ளே வந்தார். "நம்ம ஊர்ப் பையன் ஆடுதான்" என்று தாராவித் தமிழர்கள் பேசிக்கொண்டார்களாம்.

அந்தக் காலத்து பம்பாயில் 'நம்ம ஊர்' என்று சொல்லிக்கொள்வதே எளிதாக இருக்கவில்லை. 1966இல் தொடங்கிய சிவசேனை, வேலைகளையெல்லாம் மதராசிகள் பறித்துக்கொண்டார்கள் என்று முழங்கிவந்தது. லுங்கி கட்டியவர்களை விரட்டச் சொல்லும் கோஷம் தெருவில் கேட்டது. உடுப்பி ஓட்டல்களின் கண்ணாடிகள் கல்லடி பட்டு உடைந்தன. அப்பா தாராவியைத் தாண்டும்போது வேட்டியை மாற்றிவிட்டுக் கால்சட்டை போட்டுக்கொள்வாராம். மாட்டுங்காவுக்குக் காபிப்பொடி வாங்கப் போனால்கூட அப்படித்தான்.

நான்காம் நாள் மாலை. இரண்டாவது இன்னிங்ஸில் இந்தியாவின் ஏழு விக்கெட்டுகள் போய்விட்டன. அஜித் வாடேகரும் வெங்கட்டும் நிலைத்து நின்று பார்த்தார்கள். ஆலன் கானலி வீசிய பந்து விக்கெட் கீப்பர் பிரையன் டேபரின் கைக்குப் போனது. நடுவர் விரலை உயர்த்தினார். வெங்கட் நடக்கத் தொடங்கினார். கூட்டம் முதலில் அமைதியாகத்தான் இருந்திருக்கிறது. பலர் மடியில் டிரான்சிஸ்டர் இருந்தது. பந்து மட்டையில் படவேயில்லை என்று வானொலி வர்ணனையாளரின் குரல் சொன்னது. அந்தக் குரல் வரிசை வரிசையாகப் பரவியது. பாட்டில்கள் பறந்தன. நாற்காலிகள் எரிந்தன. புகைக்கு நடுவே லாரி ஆட்டத்தை நிறுத்த மறுத்து நின்றார்.

"மொத்த ஸ்டேடியமும் ஒரு மதராசிக்காகக் கத்துச்சு" என்றார் அப்பா. "எங்களை ஊரை விட்டுப் போகச் சொன்னவங்களும் அதுல இருந்திருப்பாங்க. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துட்டு. பக்கத்துல இருந்தவன் எறிஞ்சான். நானும் எறிஞ்சேன்."

அந்தக் கணத்தின் மகிழ்ச்சியை நான் குறைத்துப் பேச மாட்டேன். மூன்றாண்டுகளாகத் தலைகுனிந்து நடந்த ஓர் இளைஞனை ஊரே தன்னோடு சேர்த்துக்கொண்டதுபோல் தோன்றிய கணம் அது. ஆனால் அப்பா அதோடு நிறுத்தவில்லை. வீடு திரும்பும்போது, மின்சார ரயில் ஜன்னலோரத்தில் உட்கார்ந்துதான் யோசித்தாராம். உடுப்பி ஓட்டல் கண்ணாடியில் கல்லை விட்டவனும் இப்படித்தானே எறிந்திருப்பான்? பக்கத்தில் இருந்தவன் எறிந்தான், நானும் எறிந்தேன் என்றுதானே அவனும் சொல்லுவான்? "அவுட்டா இல்லையான்னு எனக்குத் தெரியாதுல. நான் உக்காந்த இடத்துலேருந்து பந்தே தெரியல. பாட்டில் எங்க விழுந்துச்சுன்னும் தெரியல. முன்வரிசையில இருந்த எவன் தலையிலயும் விழுந்திருக்கலாம்."

எறியப்படும் பொருளுக்கு விலாசம் கிடையாது. கோபத்துக்குக் காரணம் ஒருவராக இருப்பார், அடி வாங்குவது வேறொருவராக இருப்பார். 1975 ஜனவரியில், புதிதாகக் கட்டிய வான்கடே மைதானத்தின் முதல் டெஸ்டிலேயே இது நடந்தது. இரட்டைச் சதம் அடித்த கிளைவ் லாயிடை வாழ்த்த உள்ளே ஓடிய ஒரு ரசிகரைப் போலீஸார் அடித்தார்கள். அரங்கம் கொதித்தது, இருக்கைகள் உடைந்தன, ஆட்டம் தடைப்பட்டது. கூட்டத்தின் கோபத்தில் நியாயம் இருந்தது. தடியால் தொடங்கியவர்களுக்கும் அதில் பங்கு உண்டு. ஆனால் உடைந்த இருக்கைகள் லத்தி பிடித்தவரைத் தொடவில்லை.

அதே லாயிட், 1996 மார்ச் 13 அன்று கல்கத்தா ஈடன் கார்டனில் ஆட்ட நடுவராக உட்கார்ந்திருந்தார். இலங்கையுடனான உலகக் கோப்பை அரையிறுதி. 98 ரன்னுக்கு ஒரு விக்கெட் என்றிருந்த இந்தியா, 120 ரன்னுக்கு எட்டு விக்கெட் என்று சரிந்தது. பாட்டில்களும் பழங்களும் மைதானத்தில் விழுந்தன, அரங்கில் தீ எரிந்தது. லாயிட் ஆட்டத்தை இலங்கைக்குக் கொடுத்துவிட்டார். ஆட்டமிழக்காமல் நின்ற வினோத் காம்ப்ளி, நம் மும்பைப் பையன், அழுதுகொண்டே வெளியேறினார். தோற்றிருந்தாலும் கடைசிப் பந்துவரை ஆடித் தோற்கும் உரிமை அவருக்கு இருந்தது. அதைப் பறித்தது இலங்கை அல்ல, இந்தியாவை நேசிப்பதாகச் சொன்ன கைகள்.

சென்னை வேறு மாதிரி என்று பெருமைப்படுவோம். 1999 ஜனவரி 31 அன்று, சச்சினின் 136 ரன்னும் வீணாகி இந்தியா 12 ரன்னில் தோற்றபோது, சேப்பாக்கம் எழுந்து நின்று பாகிஸ்தான் அணிக்குக் கைதட்டியது. அந்தக் கைதட்டலைப் பற்றி அப்பா பேசும்போதெல்லாம் அவர் குரல் நிமிரும். ஆனால் அதே சேப்பாக்கத்தில்தான் 2018 ஏப்ரலில் காவிரி மேலாண்மை வாரியம் கேட்டு, ஐபிஎல் ஆட்டத்தின் நடுவே செருப்புகள் வீசப்பட்டன. கோரிக்கை உழவர்களின் உயிர்க்கோரிக்கை. செருப்பு போய் விழுந்ததோ எல்லைக்கோட்டில் நின்ற ஆட்டக்காரர்கள் அருகே. காவிரிக்கும் அவர்களுக்கும் என்ன சம்பந்தம்? மிச்ச ஆட்டங்கள் புனேவுக்குப் போயின. தண்ணீர் அதனால் ஒரு சொட்டும் கூடி வரவில்லை.

இப்போது வான்கடே வாசலில் தண்ணீர் பாட்டிலையும் சில்லறைக் காசையும் வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். என் மகனோடு போகும்போது அவன் அதற்குச் சலித்துக்கொள்வான். அவனிடம் தாத்தாவின் கதையைச் சொன்னேன். கையில் பொருள் இல்லாவிட்டால் எறிய முடியாது என்பது பாதுகாப்புக்கு ஒரு வழி. பக்கத்திலிருப்பவன் எறிந்தாலும் நான் எறிய மாட்டேன் என்று நினைப்பதுதான் ரசிகனுக்கு அழகு. அந்த ஒரு நொடியில் அவனவன் தன் பெயரை, தன் முகத்தை நினைத்துப் பார்த்தால் போதும்.

வெங்கட் பாட்டில் எதுவும் எறியவில்லை. மறுநாளும் விளையாட வந்தார். 57 டெஸ்டுகளில் 156 விக்கெட்டுகள் எடுத்தார். பிறகு வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு, தவறு நேரக்கூடிய அதே இடத்தில் போய் நின்று, 73 டெஸ்டுகளுக்கு நடுவராக இருந்தார். அன்று டிவியில் அவரைப் பார்த்தபோது அப்பா வாயைத் திறந்ததற்கு அதுதான் காரணமாக இருக்க வேண்டும்.

பிரபோர்ன் ஆட்டத்தில் மறுநாள் ஆஸ்திரேலியா எட்டு விக்கெட்டில் வென்றது. ஸ்கோர் புத்தகத்தில் வெங்கட்டின் பெயருக்கு எதிரே இன்றும் இருப்பது இதுதான்: கேட்ச் டேபர், பந்துவீச்சு கானலி. அப்பாவின் பாட்டில் அதில் ஓர் எழுத்தைக்கூட மாற்றவில்லை.